எளிய சமையலும் காலி கேரியரும்

சேசு மரி சூசை

ரயில்வே குவாட்டர்ஸ், செந்தூல்,
கோலாலம்பூர்
8 பிப்ரவரி 1959

ரத்தினத்துக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். உன் பத்திரிகை இங்கே ஒரு வாரம் தாமதமாகத்தான் வருகிறது. தாமதமாக வந்தும் சூடு ஆறவில்லை.

என் ‘எளிய இல்லச் சமையல்’ பற்றி மாதர் பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது: “சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் புத்தகம் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ஆகவே இரு சாராரும் வாங்கி அலமாரியில் வைக்கலாம்.” ஃபேரர் பார்க்கில் எதிரெதிர் வீட்டில் அத்தனை வருஷம் குடியிருந்தோம். உன் வீட்டு அடுப்பு மக்கர் செய்த நாளெல்லாம் என் வீட்டுக் குழம்பு தெருவைக் கடந்து வந்திருக்கிறது. அதைச் சாப்பிட்ட வாயால் இப்படிச் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும்.

கான்வென்டில் பெண்பிள்ளைகளுக்கு மனையியல் கற்பித்தவள் நான். ‘உப்பு தேவையான அளவு’ என்பதை வேறு எப்படி எழுதுவது? ஒருத்தி வீட்டுச் சட்டியும் இன்னொருத்தி வீட்டுச் சட்டியும் ஒன்றா? ‘பதம் வந்ததும் இறக்கவும்’ என்றால் பதம் தெரிந்தவள் இறக்குவாள். தெரியாதவள் தன் தாயைக் கேட்கட்டும்.

சாட்சிக்கு ஒருத்தியை இழுத்திருக்கிறாயே, மீனைச் சோப்புப் போட்டுக் கழுவிய தஞ்சோங் பகார் பெண். அப்படி ஒருத்தி இருக்க முடியாது. அவள் உன் கைச்சரக்கு. சிரிப்புக்கு ஆள் வேண்டுமென்றால் ஊரில் வேறு ஆளா இல்லை?

பதில் வேண்டாம்.

பிலோமினம்மாள் ஆம்ப்ரோஸ்

*

உ

ஃபேரர் பார்க்,
சிங்கப்பூர்
15 பிப்ரவரி 1959

பிலோமினா அக்காவுக்கு, திட்டு வாங்கிய ரத்தினம்மா எழுதுவது.

‘பதில் வேண்டாம்’ என்று யாராவது எழுதினால் என் கண்ணுக்கு ‘உடனே எழுது’ என்றுதான் தெரிகிறது. பிறவிக் கோளாறு. மன்னிக்க வேண்டும்.

உங்கள் குழம்பைச் சாப்பிட்டேன், மறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் இன்றும் என் குழம்பைக் கண்டால் ஒரு பெருமூச்சு விட்டு, எதிர்வீட்டுப் பூட்டிய கதவைப் பார்க்கிறார். கோவிந்தசாமி என்ற பெயருக்கு ஏற்றபடி அவர் சாமியார் ஆகாமல் இருப்பது கோமளபுரிக் கடை தோசையால்தான். மாதர் பக்கத்தில் வாராவாரம் ‘வீட்டுக் குறிப்பு’ எழுதுகிற எனக்கு ரசம் வைத்தால் சாம்பார் வருகிறது, சாம்பார் வைத்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவது நிற்கிறது. அதனால்தான் உங்கள் புத்தகத்தை நான் சோதிக்கவில்லை. நான் கெடுத்தால் அது புத்தகத்தின் குற்றமாகாது.

ஆனால் அந்தத் தஞ்சோங் பகார் பெண் என் கைச்சரக்கு இல்லை அக்கா. நான் பொய் சொல்ல மாட்டேன். இருப்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். இதில் கூட்டவும் இல்லை.

தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை முன்னால் நின்றாள். பையில் பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி, மூலை மடித்து, நேர்த்தியாக. என்னைக் கண்டதும் ஓடப் பார்த்தாள். நான் விடுகிற ஆளா? புத்தகத்தைப் பிடுங்கித் திறந்தால் உங்கள் பெயர்.

“ஆன்ட்டி, ‘மீனைச் சுத்தம் செய்து’ன்னு போட்டிருக்கு. நான் லைஃப்பாய் சோப்பு போட்டேன். வேற எப்படி ஆன்ட்டி சுத்தம் செய்யறது? ‘தேவையான அளவு’ன்னா யாருக்குத் தேவையான அளவு? ‘தணலில் வைத்து’ன்னு இருக்கு, எங்க வீட்ல மண்ணெண்ணெய் அடுப்பு. அதுல தணல் எங்க இருக்கு? ‘பதம் வந்ததும்’னு படிச்சிட்டு நானும் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவே இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மீன்கடைத் தண்ணீரில் நின்றபடி அழுதாள். “சொல்லிராதீங்க ஆன்ட்டி” என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பத்திரிகையில் பெயர் போடாத அளவுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். நீங்கள் அவளைப் பொய் என்றதும் உடைத்துவிட்டேன்.

உங்கள் செசிலிதான் அக்கா.

திட்டுவதானால் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் திட்டுங்கள். எனக்கு இந்தத் தெருவில் வேறு போக்கிடம் இல்லை.

ரத்தினம்மா

*

சேசு மரி சூசை

செந்தூல்
22 பிப்ரவரி 1959

ரத்தினத்துக்கு,

நீ குறிப்பிட்ட பெயருடைய யாரும் என் வீட்டில் இல்லை. மாதா கோவிலில் கல்யாணம் முடித்துப் போனவளாக இருந்தால் என் மகள் என்று சொல்லியிருப்பேன். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி மருதப்பனோடு போனவள் யார் மகளோ. அதற்காகத்தான் இவரை மாற்றல் கேட்கவைத்து இந்த ஊருக்கு வந்தேன். அது உனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

அது நிற்க. புத்தகத்தை இரண்டாம் முறை அச்சிட வேண்டும் என்று அச்சகத்தார் கேட்கிறார்கள். திருத்தம் செய்ய வேண்டியிருப்பதால் மட்டும் சில விவரம் தேவை. அந்தப் பெண் மீனின் வயிற்றைத் திறந்தாளா? புளியைக் கொட்டையோடு போட்டாளா? எண்ணெய் காயும் முன்பே கடுகைப் போட்டாளா? கடுகு வெடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாளா?

இவை எல்லாம் புத்தகத்துக்காக. அவள் இளைத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

பிலோமினம்மாள்

*

உ

ஃபேரர் பார்க்
15 மார்ச் 1959

பிலோமினா அக்காவுக்கு,

புத்தகத்துக்காக, புத்தகத்துக்காக மட்டும், நான் பஸ் பிடித்துத் தஞ்சோங் பகார் போய் வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடல்வரை போய்த் திரும்பினேன் என்பதை உங்கள் திருத்தத்தில் சேர்க்க வேண்டாம்.

ஒரே அறை. ரயில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். வண்டி ஊதினால் தட்டு ஆடுகிறது. நடைவழியில் அடுப்பு. பக்கத்து வீட்டு நஃபீசா அடுப்பும் இவள் அடுப்பும் ஒட்டி ஒட்டி. அந்தப் பெண்தான் மீன் வயிற்றைத் திறக்கக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். “சோப்பு போட்டதுக்கு மீனு பளபளன்னுதான் இருந்துச்சு, கழுத்துல செயின் போட்டா மாப்பிள்ளைதான்!” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: வயிற்றைத் திறக்கவில்லை. கொட்டையோடு போட்டாள். காயும் முன்பே போட்டாள். சுட்டுக்கொண்டாள், வலது மணிக்கட்டில், இப்போது ஆறிவிட்டது.

உங்கள் மருமகன்... மன்னிக்கவும், யாரோ ஒருவருடைய மருமகன், நல்ல பையன். எதை வைத்தாலும் சாப்பிடுகிறான். நான் இருக்கும்போதே சுண்டிக் கரியான ஒன்றை வைத்தாள்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லா இருக்குலா.”

“என்னன்னு தெரிஞ்சுச்சா?”

“சாப்பாடுதானே?”

அவள் கரண்டியை ஓங்கினாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த பெண், ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள், ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வெட்டுவது என்று நிற்பதைப் பார்க்க எனக்கே என்னவோ செய்தது. உங்கள் வீட்டில் அவள் அடுப்படிக்கு வந்தால் நீங்கள் விரட்டியது ஞாபகம் இருக்கிறதா? “போ, போய்ப் படி, கரிப்புகை உன் தலையெழுத்து இல்ல.” அப்போது நான்கூட உங்களை மெச்சினேன்.

இன்னொன்று. நான் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. நேற்றுச் சனிக்கிழமை காலையில் நான் போனபோது, நீலப்பூப் போட்ட நாலடுக்கு எனாமல் டிபன் கேரியர் ஒன்று மேசைமேல் இருந்தது. கைப்பிடியில் ஒரு சொட்டை. அந்தச் சொட்டை விழுந்தது என் வீட்டு வாசற்படியில்.

சிங்கப்பூருக்கு வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் ரயில் கார்டாக வருவது யார் என்று எனக்குத் தெரியாது. ஆம்ப்ரோஸ் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரத்தினம்மா

*

சேசு மரி சூசை

செந்தூல்
பெரிய வாரம், செவ்வாய்
24 மார்ச் 1959

ரத்தினத்துக்கு,

உன் வாய் தெரிந்தும் உனக்குப் பத்திரிகையில் வேலை கொடுத்தவர்களை நினைத்து ஆச்சரியப்படுகிறேன்.

எனக்குத் தெரியும். அரை வயிற்றுக்காரர் அவர். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. அவர் கையில் நான் நாலடுக்குக் கட்டிக் கொடுக்கிறேன் என்றால் கணக்குத் தெரியாமலா? வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவார். நான் கேரியரைக் கழுவும்போது அடித்தட்டில் சர்க்கரை இருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தேன். சமையல் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். டிசம்பரோடு ரிட்டயர் ஆகிறார். அதுவரைக்கும் இப்படியே போகட்டும் என்றிருக்கிறேன். அதற்குப் பிறகு கேரியரைக் கொண்டுபோக ஆளில்லை. அதை யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்துடன் மீன் குழம்புப் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அனுபவமில்லாத ஒருவர் செய்து பார்க்க வேண்டும். யாரிடம் கொடுப்பாய் என்பது உன் இஷ்டம். யார் எழுதியது என்று சொல்லாதே.

“மீனை நறுக்கித் தரச் சொல்லி மீன்காரரிடமே கேள். கேட்பதில் வெட்கமில்லை. வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும், அதை விரலால் உரித்துவிடு. உப்பும் புளித்தண்ணீரும் போட்டு அலசினால் போதும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கடுகைப் போடு. அது வெடித்தால் மற்றதைப் போடு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்கு, அவசரப்படாதே. பிறகு மிளகாய்த்தூளைப் போட்டு, கொட்டை எடுத்துக் கரைத்த புளியை ஊற்று. உப்பு: தேக்கரண்டியால் தலை தட்டி இரண்டு. குழம்பு கொதித்து எண்ணெய் ஓரத்தில் பிரியும். அதுதான் பதம். அப்போது மீனைப் போட்டு, திரியை இறக்கு. கரண்டியால் கிளறாதே, மீன் உடையும். சட்டியைத் துணி வைத்துப் பிடித்து ஒரு சுழற்று சுழற்று. துணி இல்லாமல் பிடிக்காதே.”

இதில் புரியாதது ஏதும் இருந்தால் எழுது.

பிலோமினம்மாள்

*

சேசு மரி சூசை

செந்தூல்
8 ஜூன் 1959

ரத்தினத்துக்கு,

இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்று அச்சகத்துக்கு எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடு, அல்லது கிழித்துப் போடு.

வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து தெங்கிரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டாம் அடுக்கு நிறைய அதுதான். சனிக்கிழமை கேரியர் திரும்பி வந்தது. கனமாக இருந்தது. திறந்தேன். அதே அடுக்கில், அதே நிறத்தில், அதே மணத்தோடு, நான் வைத்த குழம்பு அப்படியே இருந்தது. சர்க்கரை இல்லை.

தின்ன மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. சாக்கடையில் கொட்டினேன். குவாட்டர்ஸ் பூனைகள் எல்லாம் வந்துவிட்டன.

இவர் குளித்துவிட்டு வந்து, “குழம்பு எங்கே?” என்றார். கொட்டிவிட்டேன் என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

இனி கேரியர் கட்டப் போவதில்லை.

பிலோமினம்மாள்

*

உ

ஃபேரர் பார்க்
20 ஜூன் 1959

அக்கா,

தேர்தல் கலாட்டாவில் திடலில் ஒலிபெருக்கி கத்தியதை எழுதலாம் என்று வைத்திருந்தேன். யார் வீட்டுக்காரர் எந்தக் கட்சிக்குக் கைதட்டினார், யார் வீட்டில் அதனால் சோறு பொங்கவில்லை என்று இரண்டு பக்கத்துக்குச் சரக்கு இருந்தது. எல்லாம் போகட்டும்.

அது உங்கள் குழம்பு இல்லை.

உங்கள் குழம்பை அவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வழித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் திறந்தது அவள் வைத்தது. சனிக்கிழமை காலையில் நான் கூடவே நின்றேன். நீங்கள் எழுதிய பக்கத்தை அடுப்புக்கு மேலே சுவரில் மாவுப்பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். ஏப்ரலிலிருந்து நானும் நஃபீசாவும் மருதப்பனும் எத்தனை சட்டி குழம்பு சாப்பிட்டோம் என்று சொல்லவே வேண்டாம், எனக்கு மீன் வாடை கண்டாலே ஓடத் தோன்றுகிறது. அந்தச் சனிக்கிழமைதான் பதம் வந்தது. எண்ணெய் பிரிந்தது. ஒரு மீன் உடையவில்லை. நஃபீசா விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “இது நீ வச்சதா? உங்கம்மா வச்சதா?” என்றாள்.

செசிலி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே அக்கா. உடனே உங்கள் கேரியரைக் கழுவினாள். நீங்கள் வைத்த அதே அடுக்கில் ஊற்றினாள். நான் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தேன். “இன்னிக்குச் சர்க்கரை வேணாம் ஆன்ட்டி” என்றாள்.

ஸ்டேஷனுக்கு அவளே கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தாள். அண்ணனிடம், “அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. வாயில வச்சுப் பார்த்து அம்மாவே கண்டுபிடிக்கட்டும்” என்றாள். அண்ணன்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதராயிற்றே. எனக்குக் கொடுத்திருந்தால் கோலாலம்பூர் வருமுன்பே ரயிலில் பாதிப்பேருக்குச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுக்கு என் வாய்தான் தேவைப்பட்டிருக்கிறது, அது அன்றைக்கு இந்த ஊரில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் வந்தது. அண்ணன் இறங்கினார். கையில் கேரியர் இல்லை, காகிதத்தில் சுற்றிய ரொட்டி. செசிலி அதையே பார்த்தாளாம். “அம்மாவுக்குப் பிடிக்கலையாப்பா?” என்று கேட்டாளாம். அதற்கடுத்த வெள்ளியான நேற்றும் ரொட்டிதான். நான் நேற்றுப் போயிருந்தேன். சுவரில் அந்தப் பக்கம் இல்லை, பசை ஒட்டிய தடம் மட்டும் இருக்கிறது. புத்தகத்தை என் கையில் கொடுத்து, “நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி, உங்களுக்கு எழுத உதவும்” என்றாள். இப்போது நஃபீசா சொல்லிக் கொடுத்தபடி சமைக்கிறாள். மிளகாய்ச் சம்பால் நன்றாகவே அரைக்கிறாள். புத்தகம் பார்ப்பதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். அவளிடம் பூனைகளைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத் தாமதித்துவிட்டேன். நேற்றுச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள்.

ரத்தினம்மா

*

சேசு மரி சூசை

செந்தூல்
28 ஜூன் 1959

ரத்தினம்,

உன் கடிதத்தை இவருக்கு எதிரில் வைத்தேன். படித்துவிட்டு, “ஆமா” என்றார். “ஏன் சொல்லல?” என்றேன். “கொட்டிட்டேன்னு சொன்னியே. அப்புறம் என்னத்தச் சொல்ல?” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வெந்தயமும் போடுவேன். திருத்திய பக்கத்தில் வெந்தயத்தை விட்டுவிட்டேன், புதிதாகச் சமைப்பவர்கள் தீய்த்துவிடுவார்கள் என்று. அவள் குழம்பில் அது இருந்திருக்காது. வாயில் வைத்திருந்தால் போதும்.

என் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். அத்தனை குறிப்பிலும் ‘ருசி பார்க்கவும்’ என்று ஓர் இடத்தில்கூட நான் எழுதவில்லை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை, மணத்திலேயே சொல்லிவிடுவேன் என்று பெருமையாக இருப்பேன். அன்றும் மணத்திலேயே சொல்லிவிட்டேன்.

நீ மாதர் பக்கத்தில் எழுதியது சரி. தெரியாதவர்களுக்கு விளங்காத புத்தகம் எழுதினேன். அதைவிட முன்னால், தெரியாதபடி ஒருத்தியை வளர்த்தேன். படித்து உத்தியோகம் பார்ப்பாள், சமையற்காரி வைத்துக்கொள்வாள் என்று கனவு கண்டேன். கனவு நல்லதுதான். ஆனால் நான் விரட்டியபோது அவள் அடுப்படிக்குச் சமையல் பழக வந்தாளா, என் பக்கத்தில் நிற்க வந்தாளா என்று இப்போது யோசிக்கிறேன்.

அவளுக்கு நேராக எழுதலாமே என்பாய். எழுதினேன். ‘அன்புள்ள செசிலி’ என்பதற்குமேல் எழுத்து ஓடவில்லை. வா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இன்று மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வழி இருந்திருக்கும்.

ஆகவே இதைச் செய்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கேரியர் வரும். காலியாக வரும். என் வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனதே இல்லை, உனக்குத் தெரியும். நாலு அடுக்கும் கழுவித் துடைத்து, ஒன்றும் வைக்காமல் அனுப்புகிறேன். நிரப்பித் தா என்று கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரியும். நீ பக்கத்தில் இரு. வாயைத் திறக்காதே.

பிலோமினா

*

உ

ஃபேரர் பார்க்
5 ஜூலை 1959

அக்கா,

வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் நம்ப மறுக்கிறார். நஃபீசாவைச் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கேரியரோடு வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். செசிலி கைப்பிடியைத் தூக்கியதும் கனமில்லாததைக் கண்டுகொண்டாள். ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி உள்ளே பார்த்தாள். மருதப்பன், “என்னலா, ஒண்ணும் இல்லையா?” என்றான். அவள் நாலு அடுக்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தாள். புரிந்துவிட்டது அக்கா. நீங்கள் நினைத்தபடியே புரிந்தது.

சனிக்கிழமை காலையில் நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். சட்டியில் அவள் வைத்த குழம்பு இருந்தது. நஃபீசா முறையில், மாங்காய் போட்டு. எடுத்து ஊற்றுவாள், ஊற்றுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேரியரைக் கழுவினாள். துடைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். சட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

அடித்தட்டில் ஒரு கரண்டி. மூடினாள். நான் சொன்ன வாக்கை மறந்து, “ஏம்மா?” என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்தான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

“வெறுமையா அனுப்பக் கூடாதே ஆன்ட்டி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கம்பக்கத்தாருக்குச் செய்கிற மரியாதை மாதிரிச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வேடிக்கை நடந்தது. உங்களுக்கு எழுதலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அது என்ன என்றே ஞாபகம் வரவில்லை.

அவள் கொடுத்த புத்தகத்தை நேற்றுத்தான் பிரித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்துப் பக்கத்தைச் சுவரிலிருந்து கிழிக்காமல், தண்ணீர் தொட்டுப் பதமாக உரித்து, உள்ளே வைத்திருக்கிறாள். ஓரம்கூட நையவில்லை. இதை வைத்துச் சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

ரத்தினம்மா

*

சேசு மரி சூசை

செந்தூல்
12 ஜூலை 1959

அன்புள்ள ரத்தினம்,

சர்க்கரை வந்தது. இந்தத் தடவை அடுக்கைக் கழுவவில்லை. வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். காலையில் காப்பிக்கு அதிலிருந்து கொஞ்சம். இவர் தனக்கும் வேண்டும் என்றார், கொடுத்தேன். முன்னால் வந்த சர்க்கரையை எல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றியவள் நான்.

அவளைக் குறை சொல்லாதே. நான் கேட்ட உடனே அவள் கொடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்ததும் பழைய பிலோமினாதான். அந்தக் குழம்புக்கு அவள் ஏப்ரலிலிருந்து பாடுபட்டாள். நான் ஒரு காலிப் பாத்திரத்தைக் கழுவியதோடு சரி.

அச்சகத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். இரண்டாம் பதிப்பு வரட்டும். ஒவ்வொரு குறிப்பையும் மீன் குழம்பு மாதிரித் திருத்துகிறேன், மெதுவாகத்தான் போகிறது. ஒவ்வொன்றும் ‘இறக்கும் முன் ருசி பார்’ என்று முடியும். நஃபீசாவின் மாங்காய்க் குழம்பு எப்படி என்று கேட்டு எழுது, அது எனக்குத் தெரியாது. புத்தகத்தின் பெயரிலிருந்து ‘எளிய’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நீ மாதர் பக்கத்தில் மறுபடி கிண்டல் செய்யலாம். செய்தால் இந்தத் தடவை கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

கேரியர் இந்த வெள்ளிக்கிழமையும் காலியாகத்தான் வந்தது, பார்த்திருப்பாய். சர்க்கரை திரும்பி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் காலியாக வரும். டிசம்பர்வரை இவர் கொண்டுவருவார். அதற்குப் பிறகும் நிற்கக் கூடாது என்றால் நானேதான் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டும். அந்த அறை வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் வருமா என்று தெரியாது. அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை என்று நீ எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒன்றைக் கேட்கவில்லை என்று உனக்கு எழுதினேன். நீயும், எவ்வளவோ வாயாடி, அதை மட்டும் இதுவரை சொல்லாமல் இருந்துவிட்டாய்.

இப்போது கேட்கிறேன், ரத்தினம். அவள் இளைத்திருக்கிறாளா?

பிலோமினா